பிளாஸ்மாவின் கொழுப்பு எல்சி-எம்எஸ் முடிவைக் கெடுக்கும்போது: அறிகுறி வழியே பிழை நீக்கும் முறை

மனித பிளாஸ்மாவில் மருந்தின் அளவை எல்சி-எம்எஸ்/எம்எஸ் (நீர்மத்தில் பிரித்து, அயனிகளின் நிறையால் அளக்கும்) கருவியில் அளக்கும் ஆய்வகங்களில் ஒரே பழுது பல வேடங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு நாள் பீக் (மருந்தைக் காட்டும் வரைபட மேடு) சிறுத்திருக்கும், மறுநாள் இன்டர்னல் ஸ்டாண்டர்டு (ஒப்பிடுவதற்காக எல்லா மாதிரியிலும் ஒரே அளவில் சேர்க்கும் பொருள், சுருக்கமாக ஐஎஸ்) தாறுமாறாக ஆடும், அடுத்த வாரம் அழுத்தம் ஏறும். பெரும்பாலும் இவற்றின் அடியில் இருப்பது பிளாஸ்மாவின் பாஸ்போலிப்பிடுகளே (பாஸ்பேட் தொகுதி கொண்ட கொழுப்புகள்). ஒரு மில்லிலிட்டர் பிளாஸ்மாவில் அவை ஏறத்தாழ 2 மில்லிகிராம் இருக்கின்றன. நாம் தேடும் மருந்து அதே மில்லிலிட்டரில் பல வேளைகளில் சில நானோகிராம் மட்டுமே இருக்கும். ஆகவே கருவியைத் திறப்பதற்கு முன் கொழுப்பைத் தேடுவது வழக்கமாகிவிட வேண்டும். கீழே உள்ளவை எலெக்ட்ரோஸ்பிரே மூலத்தோடும் (நீர்மத்தைத் தெளித்து மருந்தை அயனியாக்கும் பகுதி) சி18 பிரிப்புக் குழாயோடும் வேலை செய்யும்போது நான் பின்பற்றும் வரிசை. (ஆய்வகப் பேச்சில் பிரிப்புக் குழாயைக் ‘காலம்’ என்றுதான் சொல்கிறோம், எழுத்தில் அது நேரத்தோடு குழம்பிவிடும் என்பதால் அந்தச் சொல்லைத் தவிர்த்திருக்கிறேன்.)

எந்த அறிகுறிக்கும் முன்: 184ஐப் பாருங்கள்

பாஸ்போலிப்பிடு வகைகளான பாஸ்பாட்டிடில்கோலின், லைசோ பாஸ்பாட்டிடில்கோலின், ஸ்பிங்கோமையலின் ஆகிய மூன்றும் உடையும்போது எம்/இசட் (நிறை-மின்னூட்ட விகிதம்) 184 என்ற ஒரே துண்டைத் தருகின்றன. மூல மின்னழுத்தத்தை உயர்த்தி, 184→184 என்ற சேனலைக் (184 துண்டை மட்டும் கண்காணிக்கும் அமைப்பை) குறைந்த மோதல் ஆற்றலில் உங்கள் முறையோடு சேர்த்துவிட்டால், கொழுப்பு எந்த நிமிடத்தில் வெளியே வருகிறது என்பது மருந்தின் பீக்கோடு ஒரே திரையில் தெரியும். லைசோ வகையைத் தனியே பார்க்க 104→104 உதவும். இன்னும் நுணுக்கமாகப் பார்க்க விரும்பினால், லைசோவுக்கு 496→184, 524→184 ஆகியவற்றையும், ஸ்பிங்கோமையலினுக்கு 703→184ஐயும், முழு பாஸ்பாட்டிடில்கோலினுக்கு 758→184, 786→184 ஆகியவற்றையும் சேர்க்கலாம். இதற்குப் புதிய வேதிப்பொருள் எதுவும் வேண்டாம், அரை மணி நேரம் போதும். இருந்தும், பழுது என்று என்னை அழைத்த இடங்களில் இந்தச் சேனல் ஏற்கெனவே வைக்கப்பட்டிருந்ததை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

ஒரு முன்னெச்சரிக்கை. நேரடிக் கரைசலை, அதாவது பிளாஸ்மாவே சேராத தர மாதிரியை, இன்ஜெக்ட் செய்யும்போதும் பீக் குறைவாகவே இருந்தால் நேரே அறிகுறி 6க்குச் செல்லுங்கள். மற்ற அறிகுறிகள் எல்லாம் நேரடிக் கரைசல் சரியாக இருக்கிறது என்ற அடிப்படையில் எழுதப்பட்டவை.

அறிகுறி 1: நேரடிக் கரைசலில் நன்றாக இருக்கும் பீக், பிளாஸ்மாச் சாற்றில் சிறுத்துவிடுகிறது

மருந்து சாற்றுக்கு வந்து சேரவில்லையா, அல்லது வந்தும் அயனியாகவில்லையா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். மட்டுஷெவ்ஸ்கியும் உடன் பணியாற்றியோரும் 2003இல் முறைப்படுத்திய மூன்று தொகுதிச் சோதனை இன்றும் இதற்குப் போதுமானது: ஒன்று நேரடிக் கரைசல், இன்னொன்று வெற்றுப் பிளாஸ்மாவைச் சாறெடுத்த பிறகு மருந்து சேர்த்தது, மூன்றாவது சாறெடுக்கும் முன்பே மருந்து சேர்த்தது. இரண்டாவதன் பரப்பை முதலாவதன் பரப்பால் வகுத்தால் வருவது மேட்ரிக்ஸ் காரணி (பிளாஸ்மாவின் தாக்கத்தைக் காட்டும் எண்). அது 1க்கு அருகில் இருந்து மூன்றாவது மட்டும் குறைவாக இருந்தால், பழுது மீட்பில் இருக்கிறது. கொழுப்பைக் குறை சொல்லாமல் சாறெடுக்கும் படியைப் பாருங்கள். அது 0.4 என்று வந்தால் 60 விழுக்காடு அயனி ஒடுக்கம் (உடன் வரும் பொருளால் மருந்து அயனியாவது குறைவது), மேற்கொண்டு படியுங்கள்.

*மேட்ரிக்ஸ் காரணி குறைவு, 184 சேனலில் மருந்தின் நேரத்திலேயே மேடு தெரிகிறது*

செலவில்லாதவற்றிலிருந்து தொடங்குங்கள். இன்ஜெக்ஷன் அளவைப் பாதியாக்கிப் பாருங்கள். அல்லது சாற்றை மொபைல் ஃபேஸால் (குழாய் வழியே ஓடும் கரைப்பான் கலவையால்) 5 மடங்கு நீர்த்துப் பாருங்கள். பீக்கும் 5 மடங்கு குறையாமல் 2 மடங்கே குறைந்தால் ஒடுக்கம் உறுதி. மிகக் குறைந்த அளவீட்டு எல்லை இடம் கொடுக்குமானால், நீர்த்தலையே தீர்வாக வைத்துக்கொள்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.

அடுத்தது வீழ்படிவாக்கும் கரைப்பான். மெத்தனாலால் புரதத்தை வீழ்த்தினால், அசிட்டோநைட்ரைலைவிட அதிகப் பாஸ்போலிப்பிடு மேல்தெளிவில் தங்கிவிடும். ஒரு பங்கு பிளாஸ்மாவுக்கு மூன்று பங்கு அசிட்டோநைட்ரைல் என்று மாற்றி, இரண்டு சாறுகளின் 184 சேனலையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். சாற்றை உலர்த்தி மீண்டும் கரைப்பவர்கள் கரைக்கும் நீர்மத்தையும் கவனிக்க வேண்டும்: அதில் கரிமக் கரைப்பான் கூடினால் கொழுப்பும் கூடவே கரையும், குறைத்தால் கொழுப்பு குப்பியின் சுவரில் தங்கும், ஆனால் கொழுப்பில் கரையும் மருந்தும் அதோடு தங்கிவிடக்கூடும்.

அதற்கும் அடுத்தது பிரிப்பு. காரத்தன்மை கொண்ட மருந்தாக இருந்தால், மொபைல் ஃபேஸின் அமிலத்தன்மையை விட்டு அம்மோனியம் பைகார்பனேட் போன்ற காரச் சூழலுக்கு மாறும்போது மருந்து வெகுதூரம் நகரும்; பாஸ்பாட்டிடில்கோலினோ கிட்டத்தட்ட அசையாது. இரண்டையும் விலக்க நான் அறிந்தவற்றில் இதுவே மிக மலிவான வழி, உங்கள் பிரிப்புக் குழாய் அந்தக் காரத்தைத் தாங்கும் வகையைச் சேர்ந்ததாக இருந்தால்.

இவை எதுவும் போதாதபோதுதான் சாறெடுக்கும் முறையையே மாற்ற வேண்டும். கார மருந்துக்குக் கலப்புமுறை நேரயனிப் பரிமாற்றத் தட்டு நல்ல பலன் தரும். மருந்து அதில் பிடித்திருக்கும்போது மெத்தனாலால் கழுவினால் கொழுப்பின் பெரும்பகுதி வெளியேறிவிடும். நடுநிலை மருந்துக்கு எம்டிபிஇ (மெத்தில் டெர்ட்-பியூட்டைல் ஈதர்) கொண்டு நீர்ம-நீர்மச் சாறெடுப்பு ஏற்றது. அதோடு சிறிது ஹெக்சேன் சேர்த்தால் கொழுப்பு மேலும் குறையும், மருந்தின் மீட்பும் சற்றுக் குறையலாம். சிர்கோனியா பூசிய சிலிகா கொண்ட கொழுப்பு நீக்கும் தட்டுகள் பாஸ்பேட் தொகுதியைப் பற்றிக்கொள்வதால் வேலையை எளிதாக்குகின்றன, விலைதான் கூடுதல். ஆனால் மில்டெஃபோசின் போன்ற மருந்தை இந்தத் தட்டில் ஊற்றுவதற்கு முன் யோசியுங்கள்: அதுவே ஒரு பாஸ்போகோலின், கொழுப்போடு சேர்ந்து அதுவும் மாட்டிக்கொள்ளும் என்றே எதிர்பார்க்க வேண்டும்.

*மேட்ரிக்ஸ் காரணி குறைவு, ஆனால் 184 சேனல் அமைதியாக இருக்கிறது*

அப்படியானால் ஒடுக்குவது கொழுப்பு அல்ல. பிரிப்புக் குழாயை அடுத்து ஒரு டீ இணைப்பு வைத்து, சிரிஞ்சு பம்பு மூலம் மருந்தை நிமிடத்துக்கு 5 முதல் 10 மைக்ரோலிட்டர் வீதம் தொடர்ந்து செலுத்தி, வெற்றுப் பிளாஸ்மாச் சாற்றை இன்ஜெக்ட் செய்யுங்கள். தட்டையாக ஓடும் கோட்டில் எங்கே பள்ளம் விழுகிறதோ அங்கே ஒடுக்கம் இருக்கிறது. 1999இல் வெளியான இந்த உத்திக்கு இணையாக எதையும் அறியாமல் தேடும் நிலையில் வேறொன்று இல்லை. பள்ளம் முதல் அரை நிமிடத்திலேயே விழுந்தால் உப்புகளும் பிடிபடாத துருவப் பொருள்களும் காரணம். மருந்தைச் சற்றுத் தாமதமாக வெளிவரச் செய்தால் போதும். விலங்கு ஆய்வு மாதிரிகளில் மட்டும் பள்ளம் தெரிந்தால், மருந்தைக் கரைத்துக் கொடுக்கப் பயன்பட்ட பாலிஎத்திலீன் கிளைக்காலையும் டுவீன் 80ஐயும் சந்தேகியுங்கள்.

அறிகுறி 2: பேட்ச் (ஒன்றாக அளக்கும் மாதிரித் தொகுதி) நகர நகரப் பீக் தேய்கிறது, அல்லது சில இன்ஜெக்ஷன்களில் மட்டும் காரணமின்றிச் சரிகிறது

மனிதரை மிகவும் அலையவைப்பது இந்த அறிகுறிதான். பாதிக்கப்பட்ட இன்ஜெக்ஷனைத் துருவித் துருவிப் பார்த்தாலும் அதில் குற்றம் இருக்காது. குற்றவாளி சில இன்ஜெக்ஷன்களுக்கு முன்பே ஏற்றப்பட்டுவிட்டது. முழு பாஸ்பாட்டிடில்கோலின் சி18இல் இறுகப் பிடித்துக்கொள்ளும். குறுகிய ஓட்டத்தில் அது வெளியே வராமல், ஊர்ந்து ஊர்ந்து வேறொரு மாதிரியின் நேரத்தில் வந்து இறங்கும்.

நான் பார்த்த ஒரு முறையில் ஐசோகிராட்டிக் (மொபைல் ஃபேஸின் கலவை மாறாத) ஓட்டமும் ஊசி கழுவலும் சேர்ந்து ஒரு சுற்றுக்கு 3 நிமிடம் ஆயின; மருந்து 1.4 நிமிடத்தில் வந்தது. பேட்சின் முதல் ஐந்து பிளாஸ்மா இன்ஜெக்ஷன்கள் நன்றாக இருந்தன, ஆறாவதிலிருந்து பீக் பாதியானது. மூலத்தைக் கழற்றிக் கழுவினோம், ஊசியை மாற்றினோம், பொறியாளரையும் வரவழைத்தோம். அவர் கருவி சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். நடுவில் வைத்திருந்த மூன்று கரைப்பான் பிளாங்குகள்தான் உண்மையைக் காட்டிக்கொடுத்தன. அவற்றுக்குச் சரியாக ஐந்து இடங்கள் தள்ளி இருந்த மூன்று மாதிரிகள் மட்டும் முழு உயரத்தில் நின்றன. 16.4ஆவது நிமிடத்தில் வெளிவரும் கொழுப்பு ஐந்து சுற்றுகளைக் கடந்து ஆறாவதன் மருந்துப் பீக்கின்மேல் உட்கார்ந்திருக்கிறது. ஐந்து இடம் முன்னே பிளாஸ்மா இல்லாதபோது உட்கார ஆளும் இல்லை. ஐஎஸ் வேறு நேரத்தில் வரும் வேறு சேர்மமாக இருந்ததால் அது எதையும் ஈடுசெய்யவில்லை.

*சோதனைகள்*

பிளாஸ்மாச் சாற்றை ஒரே ஒரு முறை இன்ஜெக்ட் செய்து, ஓட்டத்தை 30 நிமிடம் நீட்டி, 184 சேனலை மட்டும் கவனியுங்கள். தாமதமாக மேடு வந்தால் அதன் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன்பின் பிளாஸ்மாவை அடுத்தடுத்து ஐந்து முறையும், உடனே வெறும் கரைப்பானை ஐந்து முறையும் ஏற்றுங்கள். கரைப்பானின் ஓட்டத்தில் 184 மேடு தெரிந்தால் அது முந்தைய பிளாஸ்மாவின் மிச்சமே தவிர வேறு எதுவும் இல்லை. இன்னும் விரைவான சோதனை ஒன்றும் உண்டு: ஓட்ட நேரத்தை ஒரு நிமிடம் கூட்டுங்கள். பழுது வேறு இன்ஜெக்ஷனுக்கு இடம் மாறினாலோ மறைந்தாலோ, தாமதக் கொழுப்பு என்பது உறுதி. இதைத் தீர்வாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிரிப்புக் குழாய் சற்று மூப்படைந்ததும் மேடு மீண்டும் நகர்ந்து வரும்.

*திருத்தங்கள்*

ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் கழுவும் படி ஒன்று வேண்டும். 95 விழுக்காடு அசிட்டோநைட்ரைலில் ஒரு நிமிடம் கழுவிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் பலர்; அசிட்டோநைட்ரைல் எவ்வளவு செறிவாக இருந்தாலும் பாஸ்பாட்டிடில்கோலினை மெதுவாகத்தான் நகர்த்தும். மெத்தனால் அதைவிட வேகமாக நகர்த்தும். ஐசோபுரோப்பனால் கலந்தால் இன்னும் வேகம். ஐசோபுரோப்பனால் பிசுபிசுப்பானது என்பதால் ஓட்ட வேகத்தைக் குறைக்காமல் விட்டால் அழுத்தம் எல்லையைத் தாண்டும். கழுவியபின் குழாயைப் பழைய நிலைக்குக் கொண்டுவரக் குறைந்தது பத்துக் குழாய்க் கனஅளவு மொபைல் ஃபேஸ் ஓட வேண்டும்; 50 × 2.1 மில்லிமீட்டர் குழாய்க்கு அது ஏறத்தாழ 1 மில்லிலிட்டர். அந்தக் கழுவல் முழுவதும் டைவர்ட் வால்வு (ஓட்டத்தை மூலத்துக்கோ கழிவுக்கோ திருப்பும் வால்வு) கழிவுப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். இல்லையென்றால் பிரிப்புக் குழாயைச் சுத்தம் செய்து மூலத்தை அழுக்காக்கியதாகிவிடும்.

ஓட்டத்தை நீட்ட முடியாத அளவுக்கு மாதிரிகள் குவிந்திருந்தால், இரண்டு பிரிப்புக் குழாய்களை மாற்றி மாற்றி ஓட்டும் வால்வு அமைப்பு உண்டு: ஒன்று அளக்கும்போது மற்றது கழுவப்படும். அதற்கு ஒரு பம்பு கூடுதலாக வேண்டும். நிறுவுவதைக் கருவிப் பொறியாளரிடம் விடுவதே நல்லது.

அறிகுறி 3: அளவீட்டுக் கோடு நேராக இருக்கிறது; ஆய்வு மாதிரிகளில் ஐஎஸ் தாறுமாறாக ஆடுகிறது

அளவீட்டுக் கோடும் கியூசியும் (செறிவு தெரிந்த தரக் கட்டுப்பாட்டு மாதிரிகள்) பெரும்பாலும் ஒரே கலவைப் பிளாஸ்மாவிலிருந்து செய்யப்படுகின்றன. ஆய்வு மாதிரிகளோ ஆளுக்கு ஆள் மாறுபடுகின்றன. ஐஎஸ் பரப்பை இன்ஜெக்ஷன் வரிசைப்படி வரைந்து பாருங்கள்.

ஒரே நபரின் மாதிரிகள் எல்லாவற்றிலும் ஐஎஸ் ஒரே அளவில் தாழ்ந்திருந்தால் அது அந்த நபரின் பிளாஸ்மாவின் குணம். மாதிரிகளில் இரண்டை வெற்றுப் பிளாஸ்மாவால் நீர்த்து மீண்டும் அளந்து, நீர்த்தலைக் கணக்கிட்டபின் அதே செறிவு வருகிறதா என்று பாருங்கள். வந்தால் விகிதம் சரியாக ஈடுசெய்யப்படுகிறது. ஐஎஸ் தாழ்ந்திருப்பது அழகில்லை, ஆனால் முடிவு பிழையில்லை. நபர் யாராக இருந்தாலும் தட்டின் ஒரு வரிசை முழுவதும் தாழ்ந்திருந்தால் பிப்பெட்டைப் பாருங்கள், கொழுப்பை விடுங்கள்.

நீர்த்தபின் செறிவு மாறினால் ஐஎஸ் மருந்தோடு சேர்ந்து ஒடுங்கவில்லை என்று பொருள். இரண்டு பீக்குகளையும் பெரிதாக்கி ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள். டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) ஏற்றிய ஐஎஸ் சி18இல் மருந்தைவிடச் சற்று முன்னதாக வருவது வழக்கம். கொழுப்பு மேட்டின் சரிவில் அந்தச் சிறு இடைவெளியே போதும், ஒன்று கூடுதலாகவும் மற்றது குறைவாகவும் ஒடுங்க. கார்வெடிலாலுக்கு ஐந்து டியூட்டீரியம் ஏற்றிய ஐஎஸ் பயன்படுத்தியபோது சில பிளாஸ்மா லாட்டுகளில் (தனித்தனி மூலங்களிலிருந்து பெற்ற தொகுதிகளில்) விகிதமே மாறியது 2007இல் வெளியான ஓர் ஆய்வில் பதிவாகியிருக்கிறது. ஐசோடோப்பு ஐஎஸ் இருக்கிறது, இனிக் கவலையில்லை என்று சொல்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அதைத்தான். எளிய தீர்வு, இரண்டு பீக்குகளும் கொழுப்பு மேட்டைவிட்டு விலகும்படி கிரேடியன்டை (ஓட்டத்தின் நடுவே கரைப்பான் கலவை மாறும் விதத்தை) மாற்றுவது. விலையுயர்ந்த தீர்வு, கார்பன்-13 அல்லது நைட்ரஜன்-15 ஏற்றிய ஐஎஸ் வாங்குவது. அவை மருந்தோடு ஒட்டியே வெளிவரும். வேதியியல் ஒத்த மருந்தை மட்டும் ஐஎஸ்ஸாக வைத்திருப்பவர்கள் இந்த அறிகுறியைக் கண்டதும் வேறு எதிலும் நேரம் செலவிடாமல் ஐசோடோப்பு ஐஎஸ்ஸுக்கு மாறிவிடுவது மேல்.

2022இல் ஏற்கப்பட்ட ஐசிஎச் எம்10 (உயிரிப்பகுப்பாய்வு முறைகளைச் சரிபார்ப்பதற்கான பன்னாட்டு) வழிகாட்டி, குறைந்தது ஆறு வெவ்வேறு மூலங்களிலிருந்து பெற்ற பிளாஸ்மாவில் தாழ் கியூசி, உயர் கியூசி இரண்டையும் மும்முறை வீதம் அளந்து, ஒவ்வொரு மூலத்திலும் துல்லியம் ±15 விழுக்காட்டுக்குள்ளும் மாறுபாடு 15 விழுக்காட்டுக்கு மிகாமலும் இருக்கவேண்டும் என்கிறது. அந்தச் சோதனையின் பழைய தரவை எடுத்துப் பாருங்கள். சராசரியில் தேறி, ஒரு லாட்டில் மட்டும் விளிம்பில் நின்றிருந்தால், இன்றைய பழுது அன்றே எட்டிப்பார்த்திருக்கிறது.

அறிகுறி 4: பால்போல் வெளுத்த பிளாஸ்மா மட்டும் தவறுகிறது

உணவுக்குப் பின் எடுத்த இரத்தத்திலும் ட்ரைகிளிசரைடு மிகுந்தவர்களின் இரத்தத்திலும் இது வரும். குளிரிலிருந்து எடுத்த குப்பியை அறை வெப்பநிலைக்குக் கொண்டுவந்து நன்றாகச் சுழற்றிக் கலந்தபின் பிப்பெட் செய்தீர்களா என்பதே முதல் கேள்வி. மிதக்கும் கொழுப்பு பிப்பெட் நுனியில் ஏறினாலும் ஏறாவிட்டாலும் அளவு பிழைபடும். கொழுப்பை மையவிலக்கி நீக்கிவிட்டுக் கீழுள்ள தெளிந்த நீர்மத்தை அளக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கொழுப்பில் கரையும் மருந்தின் ஒரு பகுதி அந்த மேலடுக்கில்தான் இருக்கிறது. அதை எறிந்தால் மருந்தையும் எறிந்ததாகும். வெற்றுப் பிளாஸ்மாவால் நீர்த்து அளப்பதே பாதுகாப்பு, அந்த நீர்த்தல் ஏற்கெனவே சரிபார்க்கப்பட்டிருந்தால்.

சோதனைக்காகச் சாதாரணப் பிளாஸ்மாவில் நரம்புவழி ஊட்டக் கொழுப்புக் குழம்பைக் கலந்து ‘வெளுத்த பிளாஸ்மா’ செய்வதுண்டு. அது சோயா எண்ணெயும் முட்டைப் பாஸ்போலிப்பிடும் கொண்டது. மனிதரின் கொழுப்பைப் போலவே நடந்துகொள்ளும் என்று நம்பிவிட வேண்டாம்.

அறிகுறி 5: அழுத்தம் நாளுக்கு நாள் ஏறுகிறது

பிரிப்புக் குழாயைக் கழற்றி ஓட்டுங்கள். அழுத்தம் அப்போதும் இறங்காவிட்டால் அடைப்பு முன்னே உள்ள வடிகட்டியிலோ டியூபிலோ இருக்கிறது. இறங்கினால் காப்புக் குழாயை மாற்றுங்கள். பெரும்பாலும் அத்தோடு முடிந்துவிடும். இல்லையென்றால் பஃபர் இல்லாத மொபைல் ஃபேஸுக்கு மாறியபின் ஐசோபுரோப்பனாலால் குறைந்த வேகத்தில் கழுவுங்கள். அழுத்தம் இறங்கியும் பீக் பிளந்தே வந்தால் குழாயைத் தூக்கி எறியுங்கள். அதைக் காப்பாற்றச் செலவிடும் மணிநேரம் அதன் விலையைத் தாண்டிவிடும்.

அறிகுறி 6: நேரடிக் கரைசலின் பீக்கும் வாரத்துக்கு வாரம் குறைகிறது

இதுவரை வந்த கொழுப்பு இப்போது கருவியின் வாசலில் படிந்துவிட்டது. மூலத்தின் தெளிப்பு ஊசியை மாற்றுவதும், திரைத் தகட்டையும் நுழைதுளைத் தகட்டின் வெளிப்புறத்தையும் நீர்-மெத்தனால் கலவையாலும் பின் ஐசோபுரோப்பனாலாலும் துடைப்பதும் உங்கள் வேலை. துடைத்ததும் பீக் மீண்டு, பல நாள் அப்படியே நின்றால், டைவர்ட் வால்வின் நேரத்தைச் சரிபார்த்துவிட்டு முடித்துக்கொள்ளலாம். மருந்துப் பீக்கின் இரு பக்கமும் அரை நிமிடம் மட்டும் மூலத்துக்கு விட்டு, மற்ற நேரமெல்லாம் கழிவுக்கு அனுப்புங்கள்.

துடைத்ததும் மீண்டு, சில மணி நேரத்துக்குள் மறுபடி சரிந்தால், அல்லது முனைவை (நேர் அயனி, எதிர் அயனி நிலைகளை) மாற்றும்போது மட்டும் சில நிமிடம் மீண்டு பிறகு தேய்ந்தால், படிவு வெற்றிடத்துக்கு உள்ளே, அயனி வழிகாட்டியில் மின்னேற்றம் பிடித்து நிற்கிறது. வெற்றிடத்தை உடைத்து உள்ளே கைவைக்கும் இந்த இடத்தில் நீங்கள் நிறுத்திக்கொள்ள வேண்டும்; கருவிப் பொறியாளரை அழையுங்கள். அவர் வருமுன் நேரடிக் கரைசலின் ஒரு மாதப் பரப்பு வரைபடத்தையும், துடைப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த ஓட்டங்களையும், டியூனிங் கரைசலின் அண்மை அறிக்கையையும், 184 சேனலோடு கூடிய ஒரு பிளாஸ்மா ஓட்டத்தையும் எடுத்து வையுங்கள். அவை இல்லாவிட்டால் அவர் முதல் நாள் முழுவதையும் அவற்றை எடுப்பதிலேயே கழிப்பார், கட்டணம் உங்களுடையது.

இன்னொரு வல்லுநரையும் அழைக்கவேண்டிய கட்டம் உண்டு. மேலே சொன்னவற்றில் நுழைதுளையைத் துடைப்பதும் காப்புக் குழாயை மாற்றுவதும் பராமரிப்பு. சாறெடுக்கும் கரைப்பான், மொபைல் ஃபேஸ், கிரேடியன்ட், ஐஎஸ் ஆகியவற்றை மாற்றுவது சரிபார்க்கப்பட்ட ஒரு முறையில் பழுதுநீக்கம் ஆகாது. குறைந்தது பகுதிச் சரிபார்ப்பையாவது அது கோரும். ஆய்வு மாதிரிகள் காத்திருக்கும் நேரத்தில் அந்த முடிவைப் பகுப்பாய்வாளர் தனியே எடுக்காமல், ஆய்வு இயக்குநரிடமும் தர உறுதிப் பிரிவிடமும் எழுத்தில் தெரிவித்து, அனுமதி வந்தபின்பே அடுத்த பேட்சை ஏற்ற வேண்டும்.